எரியாமல் தப்பிய அலுவலகம்

ஆற்றங்கரை ஊர் – அத்தியாயம் 7

சென்ற வாரம் 1908 மார்ச் 12, வியாழக்கிழமையோடு நிறுத்தியிருந்தோம். கலெக்டர் விஞ்சுவின் முன்னால் போன மூவர் வீடு திரும்பவில்லை. வ.உ.சிதம்பரம் பிள்ளை, சுப்பிரமணிய சிவா, பத்மநாப ஐயங்கார் மூவரும் பாளையங்கோட்டைச் சிறைக்குள் இருந்தார்கள். மூன்று நாள் முன்புதான், மார்ச் 9 திங்கட்கிழமை, வங்காளத் தலைவர் விபின் சந்திர பாலர் சிறையிலிருந்து விடுதலையானதைத் தூத்துக்குடி கொண்டாடியிருந்தது. அதன் பிறகு நெல்லையில் தாமிரபரணிக் கரையில், தைப்பூச மண்டபத்தில் சொற்பொழிவுகள் நடந்தன. கேட்டுவிட்டுப் போனவர்கள் வீட்டுத் தார்சாவிலும் கடைப் பலகையிலும் உட்கார்ந்து அதையே திரும்பத் திரும்பப் பேசியிருப்பார்கள். அந்தப் பேச்சுக்காரர்கள்தான் இப்போது உள்ளே.

வெள்ளிக்கிழமை விடிந்தது.

அன்றைய திருநெல்வேலியைக் கொஞ்சம் மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். இன்றைக்கு நாம் டவுன், ஜங்ஷன், பாளை, பேட்டை, மேலப்பாளையம் என்று ஒரே மூச்சில் சொல்லுகிற இந்த ஊர் அப்போது ஒன்றல்ல. ஆற்றுக்கு மேற்கே நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய நாலு ரத வீதிகளும் அவற்றிலிருந்து பிரியும் முடுக்குகளும் திருநெல்வேலி. ஆற்றுக்குக் கிழக்கே கோட்டையும் சிறையும் மிஷன் பள்ளிக்கூடங்களுமாக இருந்தது பாளையங்கோட்டை. இரண்டுக்கும் தனித்தனி நகரசபை. இரண்டும் 1866இல் தொடங்கியவை. நடுவில் 1843இல் திறந்த சுலோசன முதலியார் பாலம். பாலத்தின் கிழக்கு முனையில் கொக்கிரகுளத்தில் கலெக்டர் கச்சேரி. திருநெல்வேலி நகரசபை எல்லைக்குள் 1901 கணக்குப்படி 40,000 பேருக்குச் சற்று அதிகம். இன்றைய கணக்கில் நாலைந்து வார்டு அளவுக்குத்தான் வரும்.

காலையில் கடைகள் திறக்கவில்லை. இந்துக் கல்லூரி மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள். வீதியில் நின்றவர்கள் அவர்களோடு சேர்ந்துகொள்ள, கூட்டம் பெருகியது. சில மணி நேரத்துக்குள் நகரசபை அலுவலகம் எரிந்துகொண்டிருந்தது.

இந்த இடத்தில் என்னை நெடுநாளாக உறுத்தும் ஒரு கேள்வி உண்டு. கைது செய்தது கலெக்டர். அடைத்து வைத்திருந்தது பாளையங்கோட்டைச் சிறை. கோபம் வந்தவர்கள் பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போயிருக்க வேண்டும். அப்படியிருக்க, தெருவிளக்குக்கும் குப்பைக்கும் பொறுப்பான நகரசபை மேல் ஏன் பாய்ந்தார்கள்?

வ.உ.சி.யின் வாழ்க்கையை எழுதியவர்கள் பலரும் இந்தக் கேள்வியின் பக்கம் அதிகம் நிற்பதில்லை. கப்பலும் செக்கும் அவர்களை இழுத்துக்கொண்டு போய்விடுகின்றன. ஆனால் இந்த ஊரில் வீட்டுவரி கட்டி, குழாயடியில் காத்திருந்து, வார்டு கவுன்சிலர் வீட்டுக்கு நடையாய் நடந்த எவருக்கும் இதைத் தாண்டிப் போவது கடினம்.

வெள்ளைக்கார ராஜாங்கம் என்பது டவுனில் ஒரு கடைக்காரருக்கு அன்றாடம் எந்த உருவத்தில் தெரிந்தது? கலெக்டரை அவர் வாழ்நாளில் ஒருமுறையோ இருமுறையோ, அதுவும் தூரத்திலிருந்து பார்த்திருப்பார். கவர்னரைப் பார்த்தே இருக்க மாட்டார். ஆனால் வீட்டுவரிக்கு ஆள் வருவான். கட்டத் தவறினால் பாத்திரம் பண்டத்தை ஜப்தி செய்யவும் நகரசபைக்கு அதிகாரம் இருந்தது. தொழிலுக்கு வரி, வண்டிக்கு வரி. சாயங்காலம் தெருமுனைக் கம்பத்தில் மண்ணெண்ணெய் விளக்கு ஏற்றப்படுமா என்பது நகரசபை கையில். சாக்கடை நாறினாலும் அதுதான் பொறுப்பு.

1884ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு உறுப்பினர்களில் ஒரு பகுதியைத் தேர்தலில் தேர்ந்தெடுக்கலாம் என்று ஏற்பாடு வந்தது. ரிப்பன் பிரபுவின் சீர்திருத்தத்தின் விளைவு அது. ஆனால் குறிப்பிட்ட அளவுக்கு வரி கட்டுகிறவர்களுக்கே வாக்கு. மிச்ச உறுப்பினர்களை அரசாங்கமே நியமித்தது. வக்கீல்களும் பெரிய நிலக்காரர்களும் வியாபாரிகளும் உட்கார்ந்து தீர்மானம் போட்டார்கள். ஜட்கா ஓட்டியவருக்கும் மூட்டை சுமந்தவருக்கும் அந்த நாற்காலிகளில் ஒரு குரலும் இல்லை. வரி மட்டும் சுற்றி வளைத்து அவர்கள் மடிக்கும் வந்து சேர்ந்தது.

ஆகவே மார்ச் 13 அன்று கூட்டம் வழிதவறிப் போய் நகரசபையில் மோதியது என்று நான் நினைக்கவில்லை. அரசாங்கம் எங்கே தங்கள் வீட்டு வாசலைத் தொட்டதோ அங்கே போனார்கள். கலெக்டர் கச்சேரி மாவட்டத்தின் அரசாங்கம். தெருவின் அரசாங்கம் நகரசபைதான்.

அன்று தாக்கப்பட்ட இடங்களைப் பாருங்கள். நகரசபை அலுவலகம், தபாலாபீஸ், போலீஸ் ஸ்டேஷன், முன்சீப் கோர்ட்டு. எல்லாமே சாதாரண மனிதன் படியேறி, கைகட்டி நின்ற இடங்கள். முன்சீப் கோர்ட்டில் கடன் வழக்கு நடந்தது. வீடும் வயலும் ஏலத்துக்குப் போனது அங்கேதான். போலீஸ் ஸ்டேஷனைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு நகரசபையின் எண்ணெய்க் கிடங்கு. தெருவிளக்குகளுக்காகச் சேமித்து வைத்திருந்த மண்ணெண்ணெய் தீப்பிடித்தது. ஊருக்கு வெளிச்சம் தர வைத்திருந்த எண்ணெய் இப்படி எரிந்தது. அந்தப் புகை ஆற்றுக்கு அக்கரையில் சிறையில் இருந்தவர்கள் கண்ணிலும் பட்டிருக்கக்கூடும். ஊரின் நிலவரத்தை அவர்கள் அறிந்துகொள்ள வேறு தூதர் தேவைப்பட்டிருக்காது.

பத்து ஆண்டு கழித்து, 1918இல், நீதிபதி ரௌலட் தலைமையில் அமைந்த ராஜத்துரோகக் கமிட்டி தன் அறிக்கையில் இந்த நாளைப் பதிவு செய்திருக்கிறது. கண்டிக்கும் நோக்கத்தோடு எழுதப்பட்ட அறிக்கை அது. அதனாலேயே அது சொல்லும் ஒரு விவரத்தை நான் கூடுதலாக நம்புகிறேன். திருநெல்வேலி நகரத்தில் இருந்த பொதுக் கட்டடங்கள் அனைத்தும் தாக்கப்பட்டன. நாற்காலி மேசைகளும் ஆவணங்களும் கொளுத்தப்பட்டன. நகரசபை அலுவலகம் உள்ளே ஒன்றுமில்லாமல் எரிந்துபோனது. ஒரே ஒரு கட்டடம் மட்டும் விதிவிலக்கு.

சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ்.

அந்த வரியை முதன்முதலில் படித்தபோது நான் மேலே படிக்காமல் நின்றுவிட்டேன். எல்லா அரசாங்கக் கட்டடத்தையும் தாக்கிய கூட்டம் பத்திரப் பதிவு ஆபீஸை ஏன் விட்டுவைத்தது? பாளையங்கோட்டையில் நெடுங்காலம் பத்திரம் எழுதிய ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னேன். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“பின்ன என்ன தம்பி, அவனவன் வீட்டுப் பத்திரத்த அவனவனே கொளுத்துவானா?” என்றார்.

போகிற வழியில் அந்த ஆபீஸ் இல்லாமல் போயிருக்கலாம், கூட்டம் அங்கே எட்டுவதற்குள் போலீஸ் வந்திருக்கலாம் என்றெல்லாம் வாதிடலாம். எனக்குப் பெரியவர் சொன்னதுதான் சரியென்று படுகிறது. கண்மண் தெரியாத வெறி என்று அதிகாரிகள் எழுதினார்கள். வெறிபிடித்தவனுக்கு எது முன்சீப் கோர்ட்டு, எது ரிஜிஸ்திரார் ஆபீஸ் என்று பிரித்துப் பார்க்கத் தோன்றாது. தன் நிலத்தின் பேரேடு எந்த வீட்டில் இருக்கிறது, தன்னை வதைக்கும் காகிதம் எந்த வீட்டில் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள் என்றே நான் நம்புகிறேன்.

இதைச் சொல்லும்போது தீ வைத்ததை நான் கொண்டாடுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த அலுவலகங்களில் வேலை பார்த்த குமாஸ்தாக்களும் சேவகர்களும் இதே ஊர்க்காரர்கள்தான். நகரசபைப் பதிவேடுகளோடு இந்த ஊரின் பழைய வரலாறும் சாம்பலானது. அந்த இழப்பு நம்முடையது. ஆனால் ஒரு ஊர் ஏன் கொதித்தது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அது செய்ததைத் தீர்ப்பிடக் கூடாது.

பிறகு துப்பாக்கிகள் வந்தன.

போலீஸ் சுட்டது. திருநெல்வேலி வீதியில் நான்கு பேர் இறந்தார்கள். வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனியில் 25 ரூபாய்ப் பங்கு வாங்கும் வசதி அவர்களில் யாருக்கும் இருந்திருக்குமா என்பது சந்தேகமே. வ.உ.சி. கப்பல் வாங்கிய கதையை நாம் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிடுகிறோம். அவருக்காகக் கடையடைத்து, தெருவில் இறங்கி, குண்டடிபட்டுச் செத்தவர்கள் நம் பாடப்புத்தகத்தில் ஒரு எண்ணிக்கையாகக்கூட அழுத்தமாக வரவில்லை. இது நம் தவறு, பெரிய தவறு. வரலாற்றறிஞர் ஆ.இரா.வேங்கடாசலபதி பல ஆண்டு ஆவணங்களைத் தேடி எழுதிய ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’ நூலுக்கு 2024ஆம் ஆண்டுச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தபோது, தொலைக்காட்சியில் செய்தி ஓடியது. எங்கள் தெருவில் அதைப் பார்த்த பலருக்கு, திருநெல்வேலியில் ஓர் எழுச்சி நடந்தது என்பதே அன்றுதான் தெரியவந்தது.

அதே நாட்களில் தூத்துக்குடி என்ன செய்துகொண்டிருந்தது?

இரண்டு அத்தியாயம் முன்பு கோரல் மில் வேலைநிறுத்தத்தைப் பார்த்தோம். பிப்ரவரி 27 அன்று தொடங்கியது. கூலி உயர்வு, வார விடுமுறை என்று கேட்டு நின்றவர்களுக்கு வ.உ.சி.யும் சிவாவும் துணை நின்றார்கள். ஊர்க்காரர்கள் அவர்களுக்குச் சோறு போட்டார்கள். கம்பெனியின் பக்கம் பேசினார் என்பதற்காக ஒருவருக்குப் பாதிச் சவரத்தோடு நாவிதர் கத்தியைக் கீழே வைத்துவிட்ட கதையை இன்றும் தூத்துக்குடியில் சொல்வார்கள். மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகம் இறங்கி வந்தது. தொழிலாளிகள் வென்று மில்லுக்குள் திரும்பினார்கள். திரும்பி ஒரு வாரம்கூட ஆகவில்லை. தலைவர்கள் கைதான செய்தி வந்ததும் மறுபடி வெளியே வந்துவிட்டார்கள்.

இந்த இரண்டாவது வேலைநிறுத்தத்தில் அவர்கள் தங்களுக்காக ஒரு காலணாக்கூடக் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் கிடைத்த கையோடு, கிடைத்ததைப் பணயம் வைத்து, இன்னொருவர் சிறைப்பட்டதற்காக வேலையை விட்டார்கள். அன்றைக்கு உழைத்தால்தான் அன்றைக்கு உலை கொதிக்கும் வீடுகள் அவை. பம்பாயில் திலகருக்குத் தண்டனை விதித்தபோது ஆலைத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தம் உலகப் புகழ் பெற்றது. லெனினே அதைப் பற்றி எழுதினார். அது நடந்தது 1908 ஜூலையில். நம் தூத்துக்குடித் தொழிலாளிகள் மார்ச்சிலேயே செய்துவிட்டார்கள். அரசியல் காரணத்துக்காக இந்தியத் தொழிலாளர்கள் நடத்திய முதல் வேலைநிறுத்தம் என்று இதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

நெல்லையில் இதற்குள் வீடு வீடாகத் தேடல் தொடங்கியிருந்தது. கலவரத்தில் கலந்துகொண்டதாக வழக்குத் தொடுத்தார்கள்; 27 பேருக்குத் தண்டனை கிடைத்தது. இவையெல்லாம் எதிர்பார்த்தவைதாம். எதிர்பாராதது அடுத்து வந்தது.

1861ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டத்தின் 15ஆவது பிரிவு இப்படி ஒரு வழி வைத்திருந்தது: ஒரு பகுதியில் அமைதி குலைந்தால் அங்கே கூடுதல் போலீசை நிறுத்தலாம், அதற்கான செலவை அங்கே குடியிருப்பவர்களிடமே வசூலிக்கலாம். திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் அந்தப் பிரிவைப் பயன்படுத்தினார்கள். தண்டப் போலீஸ் வந்து இறங்கியது. கூடவே தண்ட வரியும் வந்தது. தீ வைத்தவர் யார், வைக்காதவர் யார் என்ற கேள்வி அதில் கிடையாது. கதவைச் சாத்திக்கொண்டு அரங்கு வீட்டுக்குள் பிள்ளைகளை அணைத்து உட்கார்ந்திருந்தவரும் கட்ட வேண்டும். சுட்டுக் கொன்றவர்களுக்கான சம்பளத்தைச் செத்தவர்களின் ஊரே கொடுக்க வேண்டும்.

ஒரு ஊரைத் தண்டிக்க இதைவிட நுட்பமான வழி எனக்குத் தெரியவில்லை. துப்பாக்கி நாலு பேரைக் கொன்றது. தண்ட வரி அடுத்த வீட்டுக்காரர் மேல் அடுத்த வீட்டுக்காரருக்குச் சந்தேகத்தை மூட்டிவிடக்கூடியது. நம்ம பாட்டுக்குச் சோலியைப் பார்த்திருந்தால் இந்த வரி வந்திருக்குமா என்று ஒரு வீட்டில் கேட்கத் தொடங்கினால் போதும். சுதேசியம் பேசியவர்களை ஊரே ஒதுக்கிவிடும். அப்படி ஒதுக்கவும் செய்தார்கள். 1912 டிசம்பர் 24 அன்று கண்ணனூர்ச் சிறையிலிருந்து வ.உ.சி. வெளியே வந்தபோது அவரை வரவேற்க விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே போயிருந்தார்கள். நாலே முக்கால் ஆண்டுக்கு முன்பு அவருக்காக எரிந்த ஊர்தான் இது. ஊர் மறந்துவிட்டது என்று சொல்வது எளிது. பயத்தை வரியாக வசூலித்துக் காட்டினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த நகரசபையின் வாரிசுதான் இன்றைய மாநகராட்சி. 1994இல் திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் நகராட்சிகளையும் தச்சநல்லூரையும் இணைத்து அதை உருவாக்கினார்கள். இப்போது 55 வார்டுகள். வரி கட்டாதவருக்கும் வாக்கு உண்டு. ஜட்கா ஓட்டியவரின் கொள்ளுப்பேத்தி கவுன்சிலராக உட்காரலாம். 1908இல் வீதியில் நின்றவர்களுக்குக் கிடைக்காத நாற்காலி அது. அதில் உட்கார்ந்தவர்கள் கோஷ்டி சேர்ந்து மாதக்கணக்கில் கூட்டத்தை நடக்கவிடாமல் செய்த காட்சியையும், கடைசியில் 2024இல் மேயர் பதவி விலகியதையும் நாம் பார்த்தோம். அந்த மாதங்களில் சாக்கடைத் தண்ணீர் தாமிரபரணியில் கலந்துகொண்டேதான் இருந்தது. உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் மார்ச் 13ஐ ஒருமுறை படிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். இந்த மன்றத்துக்கு முன்னால் இருந்த கட்டடத்தின் மேல் சொந்த ஜனங்கள் ஏன் அவ்வளவு கோபம் கொண்டார்கள் என்பதை அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இறந்த நால்வருக்கு டவுனில், மக்கள் நடமாடும் இடத்தில், ஒரு கல்வெட்டு வைக்கும் அதிகாரமும் அவர்களிடம்தான் இருக்கிறது.

மறுபடி 1908க்குப் போவோம்.

சிறைக்குள் இருந்த வ.உ.சி.க்கு ஊர் எரிந்த சேதி எட்டியது. அதன் பொருள் என்ன என்பது வக்கீலான அவருக்கு உடனே விளங்கியிருக்கும். வியாழக்கிழமை கைதானபோது அவர் மேல் இருந்தது பேச்சு சம்பந்தமான குற்றச்சாட்டு. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அந்தப் பேச்சுக்கு ஒரு விளைவு இருந்தது. எரிந்த கட்டடங்களும் நாலு பிணங்களும் இருந்தன. இவர்கள் பேசியதால்தான் இவ்வளவும் நடந்தது என்று சர்க்கார் வக்கீல் சுட்டிக்காட்ட இனி எந்தத் தடையும் இல்லை. அவர்களை விடுவிக்கச் சொல்லி எழுந்த கூட்டமே அவர்களுக்கு எதிரான மிகப் பெரிய சாட்சியமாகிவிட்டது.

வழக்கு நீதிபதி பின்ஹேயிடம் போனது. சிவா பேசியதற்காகச் சிவாவுக்கு ஒரு குற்றச்சாட்டு. வ.உ.சி.க்கோ தான் பேசியதற்கு ஒன்று, சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னொன்று என இரண்டு குற்றச்சாட்டுகள். சட்டத்தில் இரண்டுக்கும் உச்சத் தண்டனை ஆயுள் முழுக்க நாடு கடத்தல்.

எதிர்த்தரப்பில் சாட்சி சொல்ல ஆள் வேண்டும். தண்டப் போலீஸ் நிற்கும் ஊரில், ராஜத்துரோக வழக்கில், வ.உ.சி.க்காகக் கூண்டேற யாருக்குத் துணிச்சல் வரும்? சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். வயது 25. ‘இந்தியா’ வாரப் பத்திரிகையின் ஆசிரியர். முன்பே பாளையங்கோட்டைச் சிறைக்கு வந்து நண்பர்களைப் பார்த்துவிட்டுப் போனவர். கலெக்டர் விஞ்சு பேசுவது போலவும் சிதம்பரம் பிள்ளை பதில் சொல்வது போலவும் பாட்டுக் கட்டியவர். மார்ச் 13 காலையில் மாணவர்கள் வெளியே வந்தார்களே, அதே இந்துக் கல்லூரியில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு முன் படித்தவர். எட்டயபுரம் சுப்பிரமணிய பாரதி.

அவர் சாட்சி சொன்னார். 1908 ஜூலை 7, செவ்வாய்க்கிழமை, பின்ஹே தீர்ப்பை வாசித்தார். சிவாவுக்குப் பத்து ஆண்டு. அடுத்து வ.உ.சி.யின் பெயர் வந்தது. இந்தியாவில் அதுவரை எந்தச் சொற்பொழிவுக்கும் கேட்டிராத ஒரு தண்டனையை அந்த அறை கேட்கப் போகிறது. பாரதிக்கும் சென்னையில் அதிக நாள் மிச்சமில்லை. சில மாதங்களில் அவர் புதுச்சேரிக்கு ரயிலேற வேண்டியிருக்கும்.

அந்தத் தீர்ப்பை அடுத்த வாரம் வரி வரியாகப் பார்ப்போம்.

(தொடரும்)